சிறைக்குள் விழும் அடியும் திறந்த நீதிமன்றமும்

ஆரணியில் ஒரு கொலை வழக்கில் சிக்கி ஆயுள் தண்டனை பெறுபவர் போய்ச் சேரும் இடம், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் தொரப்பாடி மத்திய சிறை. 1989இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகும் இந்தப் பாதை மாறவில்லை. அந்தச் சிறையில் பூட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் இரண்டாம் நிலைக் காவலரும் இதே வட்டாரத்துக்காரராக இருக்கலாம். தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, பட்டுக் கூலி குடும்பத்துக்குக் கட்டுபடியாகாமல், சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி வேலைக்குப் போன பிள்ளைகள் இந்தப் பக்கத்து ஊர்களில் உண்டு. காலையில் செல் திறக்கும்போது அந்தக் காவலரை ஒரு கைதி அடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பின் மூன்றில் ஒன்று நடக்கும். கண்காணிப்பாளர் தம் அறையிலேயே விசாரித்துச் சிறைத் தண்டனை ஏதாவது தரலாம். பாகாயம் காவல் நிலையத்துக்குப் புகார் போய், வழக்கு நீதிமன்றம் ஏறலாம். அல்லது காகிதத்தில் ஒன்றும் ஏறாமல், மாலை லாக்கப்புக்குப் பிறகு அடிபட்டவரின் சக காவலர்கள் அந்தக் கைதியைத் தனியாகக் ‘கவனிக்கலாம்’. காவலருக்குக் காயம் உண்டாக்கும் ஒவ்வொரு தாக்குதலும் இரண்டாவது வழியில்தான் போக வேண்டும் என்பது என் வாதம். அது மற்ற இரண்டுக்கும் மேலே ஏற்றும் கூடுதல் சுமையாக இருக்கக் கூடாது. அவற்றின் இடத்தை அது எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இந்த வழியை நெடுங்காலமாகவே திறந்து வைத்திருக்கிறது. 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம், தாக்குதலைச் சிறைக் குற்றங்களின் பட்டியலில் 45ஆம் பிரிவில் சேர்த்தது. அடுத்த பிரிவு கண்காணிப்பாளரின் கையில் கொடுத்த தண்டனைகளைப் படித்தால் அந்தக் காலம் கண்முன் நிற்கும்: கடும் வேலை, சாக்குத்துணி உடை, கைவிலங்கு, கால்விலங்கு, குறை உணவு, தனிச் செல், 30 வரை கசையடி. இவை போதாது என்று கண்காணிப்பாளர் கருதினால், 52ஆம் பிரிவின்படி கைதியை முதல் வகுப்பு நடுவரிடம் அனுப்பலாம். நடுவர் ஓராண்டு வரை கூடுதல் சிறை விதிக்கலாம். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை தண்டிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. இதற்கு வெளியே பொதுச் சட்டம் இருக்கிறது. சிறைக் காவலர் பொது ஊழியர் என்பதால், அவரைப் பணி செய்யவிடாமல் தடுக்கும் நோக்கில் தாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதையின் 132ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. காயம் ஏற்படுத்தினால் 121ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை. கொடுங்காயமென்றால் ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை. ஆகவே சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்தச் சம்பவம் எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதைச் சிறையே முடிவு செய்கிறது என்பதுதான் சிக்கல். அடிபட்ட தரப்பே புலன்விசாரணை செய்து, தீர்ப்பும் சொல்லி, தண்டனையையும் நிறைவேற்றும் இடம் நம் நாட்டில் வேறு எங்கும் இல்லை.

இந்தக் குறையை உச்ச நீதிமன்றம் நெடுநாள் முன்பே கண்டது. திஹார் சிறையில் ஒரு தலைமைக் காவலர், கைதி ஒருவரின் உறவினர்களிடம் பணம் கறப்பதற்காக அந்தக் கைதியைச் சித்திரவதை செய்தார் என்று மற்றொரு கைதியான சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பு, தனிச் செல் போன்ற கடும் தண்டனைகளை அமர்வு நீதிபதியின் பார்வைக்கு வராமல் விதிக்கக் கூடாது என்றது. அவசரமென்றால் இரண்டு நாளுக்குள் தகவல் தர வேண்டும் என்றது. ஐரோப்பாவிலும் இதே கேள்வி எழுந்தது. பிரிட்டிஷ் சிறை ஒன்றில் காவலர் மீது வேண்டுமென்றே மோதினார் என்று ஒரு கைதிக்குச் சிறைத் தலைவர் ஏழு நாள் கூடுதல் சிறை விதித்தார். நன்னடத்தை அதிகாரியை மிரட்டிய இன்னொரு கைதிக்கு 40 நாள். வழக்கறிஞர் இல்லாமல் இப்படி நாட்களைக் கூட்டுவது நியாயமான விசாரணை ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. ஏழே ஏழு நாளுக்காக இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. விடுதலை நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு ஏழு நாள் சின்ன விஷயமல்ல. நடுநிலையான ஒருவர் கேட்டு முடிவு செய்தார் என்ற எண்ணம் கைதிக்கு வந்தால்தான் தண்டனையைத் தண்டனையாக ஏற்பார். இல்லாவிட்டால் அதைப் பழிவாங்கல் என்றே எண்ணுவார், அதற்குப் பதில் பழி தேடுவார். அந்தப் பழி திரும்பி விழுவது காலைப் பணிக்கு வரும் அடுத்த காவலரின் மேல்.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 1999 நவம்பர் 17 காட்டியது. குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டிருந்த ‘பாக்ஸர்’ வடிவேலு மருத்துவமனையில் இறந்த செய்தி சென்னை மத்திய சிறைக்குள் வந்தது. அவர் சிறையில் அடித்தே கொல்லப்பட்டார் என்று கைதிகள் நம்பினார்கள். நோயில் இறந்தாரா, அடியில் இறந்தாரா என்று யாராவது வெளியாள் விசாரித்துச் சொல்வார் என்ற நம்பிக்கை அங்கே யாருக்கும் இல்லை. சில மணி நேரத்தில் சிறை தீப்பற்றியது. துணை ஜெயிலர் ஜெயக்குமார் உயிரோடு எரிக்கப்பட்டார். கலவரத்தை அடக்கப் போலீஸ் சுட்டதில் ஒன்பது கைதிகள் மாண்டார்கள். ஜெயக்குமாரைக் கொன்றவர்களைக் கொலைக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தியே ஆக வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒருவர் மேல் ஆயிரம் பேருக்குக் கோபம் இருந்தாலும் அவரைத் தீயில் போடுவதற்கு நியாயம் கிடையாது. ஆனால் அந்தக் காலைக்கு முன் எத்தனையோ நாட்கள் இருந்திருக்கின்றன. அந்த நாட்களில் சிறைக்குள் விழுந்த அடிகளைப் பற்றிய கேள்விகள் சுவருக்கு உள்ளேயே எழுந்து உள்ளேயே மடிந்தன. அதே சிறையில் 1976 பிப்ரவரியில் மிசா கைதிகளாக வந்த தி.மு.க.வினர் அடிக்கப்பட்டார்கள். இன்றைய முதுபெரும் தலைவர்கள் பலர் அந்த அடியை வாங்கியவர்கள். நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு மறு ஆண்டு இறந்தார். அடி விழுந்தது உண்மை என்பதை அதிகாரப்பூர்வமாக நிலைநாட்ட, நெருக்கடி நிலை முடிந்து, தில்லியில் ஆட்சி மாறி, நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையில் விசாரணை ஆணையம் அமைய வேண்டியிருந்தது. நாடறிந்த அரசியல்வாதிகளுக்கே இவ்வளவு காலம் என்றால், சைக்கிள் திருட்டு வழக்கில் உள்ளே போனவருக்கு எந்த ஆணையம் அமையும்? வழக்கு எனும் வழி கைதிக்கு மூடியே கிடக்கும் இடத்தில், காவலருக்கு மட்டும் அதைத் திறந்து வைத்தால் பாதுகாப்பு வந்துவிடாது.

வழக்குப் போடுவதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் முதல் வாதம், ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருப்பவருக்கு இழக்க என்ன இருக்கிறது என்பது. இதைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் நம் சட்டமே இந்தக் கேள்வியில் தடுமாறியிருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 303ஆம் பிரிவு, ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு, வேறு தண்டனையே இல்லை என்றது. சிறை ஊழியரைக் காப்பதே அதன் முதன்மை நோக்கம் என்று சட்ட ஆணையமே சொல்லியிருக்கிறது. 1983இல் மித்து எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசமைப்புக்கு முரணானது என்று அடித்து வீழ்த்தியது. ஆயுள் கைதி பரோலில் வெளியே இருக்கும்போது சிறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சூழலில் கொலை செய்யலாம். செய்தது எதனால், எந்த நிலையில் என்று பார்க்க நீதிபதிக்கு இடமே தராத சட்டம் நியாயமாக இருக்க முடியாது. இப்போதுள்ள சன்ஹிதையின் 104ஆம் பிரிவு தூக்கு அல்லது இயற்கை ஆயுள் முடியும் வரை சிறை என்று இரண்டு வாய்ப்பைத் தருகிறது. கொலை முயற்சியில் ஆயுள் கைதி காயம் ஏற்படுத்தினால் 109ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவும் அதே இரண்டைத் தருகிறது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஆயுள் தண்டனையில் இருப்பவருக்குப் புதிதாக எந்தத் தண்டனை விதித்தாலும் அது பழையதோடு சேர்ந்தே ஓட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். முன்பு 427ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையில் 467. நீதிபதி விரும்பினாலும் அதை மாற்ற முடியாது. மூன்றாண்டு தண்டனைக் கைதி ஒரு காவலரின் கையை முறித்தால், புதுத் தண்டனை பழையது முடிந்த பிறகே தொடங்கும் என்பது பொது விதி. ஆயுள் கைதி அதே கையை முறித்தால், பத்தாண்டு விதித்தாலும் காகிதத்தில் மட்டுமே ஏறும். விளைவைக் கவனியுங்கள். சாதாரணப் பிரிவில் வழக்குப் போட்டால் ஆயுள் கைதிக்கு ஒரு நாள்கூட அதிகமாவதில்லை. கொலை முயற்சி என்று எழுதினால் தூக்கு வரை போகிறது. நடுவில் எதுவும் இல்லை. கைகலப்பையும் கொலை முயற்சியாக எழுதும் ஆசை புகார் எழுதுபவருக்கு இங்கிருந்துதான் பிறக்கிறது. அப்படி ஊதிப் பெருக்கிய வழக்கு சாட்சிக் கூண்டில் நிற்காமல் விழும்போது, அடிபட்ட காவலருக்கு நீதியும் போகிறது, சிறை நிர்வாகத்தின் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போகிறது.

ஆயுள் கைதிக்கு இழக்க ஒன்றும் இல்லை என்பது உண்மையும் அல்ல. அவர் நாள்தோறும் கனவு காண்பது முன்விடுதலையைப் பற்றி. தமிழ்நாட்டில் அண்ணா பிறந்த நாளையொட்டி ஆயுள் கைதிகளை விடுவிக்கும் வழக்கம் அந்தக் கனவுக்கு ஒரு தேதியைக்கூடத் தந்திருக்கிறது. அதற்குத் தகுதி பெற நன்னடத்தை வேண்டும், அந்த நன்னடத்தைக்குச் சான்று தருவது சிறை நிர்வாகம். ஆகவே இப்போது நடைமுறையில் உள்ள உண்மையான தண்டனை, கண்காணிப்பாளரின் கோப்பில் எழுதப்படும் ஒரு வரிதான். நீதிமன்றம் இன்னும் விசாரிக்காத சம்பவத்துக்காகப் பல ஆண்டு விடுதலை அந்த ஒரு வரியில் போய்விடலாம். நான் முன்வைப்பது எளிய மாற்றம். நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்து ஈராண்டு விதித்தால், முன்விடுதலைக்குப் பரிசீலிக்கும் நாள் ஈராண்டு தள்ளிப் போகட்டும். தீர்ப்பு வராத வரை புகாரை மட்டும் காட்டி அந்த நாளைத் தள்ளக் கூடாது. சேர்ந்தே ஓட வேண்டும் என்ற விதியைத் தொடாமலே, முன்விடுதலைக்கான அரசாணையில் இதை எழுதிவிடலாம்.

தண்டனையைக் கூட்டினால் போதும் என்போருக்கு இங்கிலாந்தின் அனுபவம் பதில் சொல்கிறது. அங்கே 2018இல் சிறைக் காவலர் உள்ளிட்ட அவசரப் பணியாளர்களைத் தாக்குவதற்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்து, உச்சத் தண்டனையை ஓராண்டு ஆக்கினார்கள், 2022இல் ஈராண்டாக்கினார்கள். இருந்தும் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் ஊழியர் மீதான தாக்குதல் ஓராண்டில் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. 2010க்குப் பிறகு அங்கே அனுபவமுள்ள காவலர்களைப் பெருமளவில் குறைத்ததும் நெரிசலும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடத்துக்கு மேல் 31 சதவீதம் அதிகம், நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறது. ஒரு பிளாக்கில் தனியாக நிற்கும் காவலரை எந்தத் தண்டனைப் பிரிவும் காக்காது என்பதை வழக்கை ஆதரிக்கும் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆள் சேர்ப்பு முதலில் வர வேண்டும். ஆனால் ஆள் சேரும் வரை வழக்கே வேண்டாம் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவல்ல. 2022 ஆகஸ்டில் கடலூரில் உதவி ஜெயிலர் ஒருவரின் குடியிருப்பில் நள்ளிரவில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். சிறைக்குள் ஒரு கைதியிடம் செல்போன் பறிமுதல் செய்ததற்குப் பழி என்பதே காவல்துறையின் குற்றச்சாட்டு. உள்ளே இருந்து வெளியே நீளும் இப்படிப்பட்ட கையைக் கண்காணிப்பாளரின் எந்தத் தண்டனையாலும் தொட முடியாது. போன் அழைப்புகளையும் பணத்தையும் ஆட்களையும் தொடர்ந்து போகும் அதிகாரம் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும்தான் உண்டு.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது, கைதிகளின் உரிமைக்காகப் போராடுபவர்கள் சொல்வது. காவலர்கள் கைதியை அடித்துவிட்டு, அந்தக் காயத்துக்குக் கணக்குச் சொல்ல ‘அவன்தான் முதலில் கை வைத்தான்’ என்று புகார் கொடுப்பார்கள், ஆகவே வழக்கு என்பது மூடி மறைக்கும் கருவியாகிவிடும் என்கிறார்கள். இது வெறும் அச்சமல்ல. வேலூர் சிறையையே எடுத்துக்கொள்வோம். அதிகாரியின் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட ஓர் ஆயுள் கைதி, பணம் திருடினார் என்று சொல்லித் தாக்கப்பட்டுத் தனிச் செல்லில் நாட்கணக்கில் அடைக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டு 2024இல் வெளிவந்தது. கைதியின் தாய் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வேலூர் தலைமைக் குற்றவியல் நடுவர் சிறைக்குச் சென்று விசாரித்து அறிக்கை தந்தார். அதன் பிறகே சி.பி.சி.ஐ.டி., சிறைத்துறை டி.ஐ.ஜி. உட்பட 14 பேர் மீது வழக்குப் பதிந்தது. அந்த வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். ஆனால் ஒரு கைதியின் காயம் வழக்காக மாறுவதற்கு ஒரு தாயும் ஓர் உயர் நீதிமன்றமும் தேவைப்பட்டன என்பதே போதும். காவலரின் காயம் வழக்காக மாறுவதற்குக் கண்காணிப்பாளரின் ஒரு கடிதம் போதுமானது.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு மருந்து தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஊர்ச் சண்டையில் இரு தரப்பும் புகார் கொடுத்தால், இரண்டையும் ஒரே விசாரணை அதிகாரி விசாரித்து, யார் முதலில் தாக்கியவர் என்று கண்டுபிடித்து, உண்மையான வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்று நம் காவல் நிலை ஆணைகளில் 588-ஏ சொல்கிறது. இந்த விதியை மீறிய குற்றப்பத்திரிகைகளை உயர் நீதிமன்றம் கண்டித்த தீர்ப்புகள் பல உண்டு. வயல் வரப்புச் சண்டைக்குப் பொருந்தும் இந்த முறை சிறைச் சண்டைக்கும் பொருந்தும். காவலர் தாக்கப்பட்டார் என்ற புகார் வந்தவுடன், விசாரணை அதிகாரி கைதியையும் தனியாக, சிறை ஊழியர் யாரும் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். அவர் தரும் எதிர்ப்புகாரையும் பதிய வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு தரப்பு மீது மட்டும் வழக்குகளைக் குவித்தால் என்ன ஆகும் என்பதை நியூயார்க்கின் ஆட்டிக்கா சிறை காட்டியது. 1971 செப்டம்பரில் கைதிகள் அந்தச் சிறையைப் பிடித்தார்கள், ஒரு காவலரை அடித்துக் கொன்றார்கள். நான்கு நாள் கழித்து அரசுப் படை சுட்டுக்கொண்டே நுழைந்ததில் கைதிகளோடு பிணையாக இருந்த ஊழியர்களும் அரசின் குண்டுக்கே பலியானார்கள். மொத்தம் 43 உயிர்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 62 கைதிகளும் ஒரே ஒரு படைவீரரும். இந்தப் பாரபட்சத்தை நாடு தாங்கவில்லை. 1976 கடைசியில் ஆளுநர் ஹியூ கேரி மன்னிப்பு வழங்கி எல்லா வழக்குகளையும் இழுத்து மூடினார். கைதி தரப்பின் சாவுகளுக்கு நீதி கிடைக்கவில்லை. ஊழியர்களின் குடும்பங்களும் கைவிடப்பட்டன. தங்களுக்கு உரிய இழப்பீடும் உண்மையும் கிடைக்கவில்லை என்று அந்தக் குடும்பங்கள் பிறகு பல்லாண்டு போராட வேண்டியிருந்தது.

வழக்கு இழுக்கும், சாட்சி சொல்லக் கைதிகள் வரமாட்டார்கள், வழிக்காவலுக்கு ஆள் கிடைக்காது என்பவை நிர்வாகச் சங்கடங்கள். வாய்தாவுக்குக் காணொளி இருக்கிறது. உடலில் அணியும் கேமராக்கள் தமிழ்நாட்டுச் சிறைக் காவலர்களுக்கு வரத் தொடங்கிவிட்டன. பிளாக்கில் பதிவாகும் காட்சி இரு தரப்புக்கும் சாட்சி. பார்த்த கைதி சாட்சி சொன்ன மறுநாளே வேறு சிறைக்கு மாற்றம் கேட்டால் கொடுக்க வேண்டும். எல்லா உரசலையும் நீதிமன்றம் ஏற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. உறவினரைச் சந்திக்கும் ‘மனு’ நேரத்தில் வந்த வாக்குவாதத்துக்கும் தள்ளுமுள்ளுக்கும் சிறைக்குள்ளேயே எச்சரிக்கை, சலுகை நிறுத்தம் போதும். மனநோயால் தவிக்கும் கைதியின் கை ஓங்கல் வேறு விஷயம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்கு மாநிலத்தில் ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் வேண்டும் என்கிறது. மருந்து நின்றுபோன ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் அடிபட்ட காவலருக்கு ஒன்றும் கிடைக்காது. அவருக்கு மருத்துவச் செலவும் விடுப்பும் அரசு தர வேண்டும். மருந்து ஏன் நின்றது என்பதை நிர்வாகம் விளக்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, காயத்தை யார் பார்த்து எழுதுகிறார் என்பது. அடிபட்ட காவலர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகிறார், அங்கே விபத்துப் பதிவேட்டில் அவர் காயம் ஏறுகிறது. கைதியை முதலில் பார்ப்பது சிறை மருத்துவர், அதே கண்காணிப்பாளரின் கீழ் வேலை செய்பவர். கைதி இறந்தால் நீதித்துறை நடுவர் கட்டாயம் விசாரிக்கிறார். பல் உடைந்தால், விலா முறிந்தால், அந்தக் கட்டாயம் இல்லை. தாக்குதல் புகார் எழுந்த 24 மணி நேரத்துக்குள் இரு தரப்பையும் ஒரே வெளி மருத்துவமனையில், ஒரே பதிவேட்டில், தனித்தனி மருத்துவர்கள் பார்த்து எழுத வேண்டும். அந்தப் பதிவின் நகல் அன்றே நடுவருக்குப் போக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, சிறைத்துறைத் தலைவரின் ஒரு சுற்றறிக்கையே போதும். தென்மாநிலச் சிறை அதிகாரிகள் பயிற்சி பெறும் நிறுவனம் 1979 முதல் வேலூரிலேயே இயங்குகிறது. புதிதாக வேலைக்கு வரும் ஜெயிலர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பறை அந்தச் சிறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.